பாதாம் பானத்துக்கு மாட்டுப்பால் டெஸ்ட்: பூஞ்சை நச்சுப் பரிசோதனையில் பட்ட பாடு

நான் தயாரிக்கும் பாதாம், ஓட்ஸ் பானங்களுக்கு நம்பக்கூடிய லேப் ரிப்போர்ட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. சாம்பிள் அனுப்புவதிலோ பணம் கட்டுவதிலோ சிக்கல் இல்லை. கோபம் வேறு இடத்தில்.

படிவத்தில் 'பாதாம் பானம்' என்று தெளிவாக எழுதியிருந்தேன். பதிவு செய்தவர் அதைப் பால் பிரிவில் ஏற்றிவிட்டார். பாலுக்கு அங்கே அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சில் எம்1 வகையை மட்டும்தான் பார்ப்பார்களாம். 'எம்1 கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. அதே நச்சின் பி1 வகை உள்ள தீவனத்தை மாடு தின்றால், அதன் உடலில் பி1 எம்1-ஆக மாறிப் பாலில் இறங்கும். பாதாமில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையால் வருவது முக்கியமாகப் பி1. அதைத் தொடவே இல்லை. போனில் கேட்டால், "பாஸ் ஆகிடுச்சே சார், அப்புறம் என்ன?" என்கிறார்கள்!

சண்டை போட்டு மறுபடி கொடுத்தேன். இந்த முறை பாதாமுக்கு அஃப்ளடாக்சின் பி1, பி2, ஜி1, ஜி2. ஓட்ஸுக்கு தானியங்களில் வரும் வேறு பூஞ்சை நச்சுகள்: ஆக்ரடாக்சின் ஏ, டிஆக்சிநிவலினால், டி-2, எச்டி-2. எல்லாமே 'கண்டறியப்படவில்லை'. அளவிடக்கூடிய குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: அஃப்ளடாக்சின் ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். நேரடியாக உண்ணும் பாதாமுக்கு மொத்த அஃப்ளடாக்சினில் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். 2 சதவீதம் பாதாம் சேர்த்த பானத்தில் அது 0.2-ஆக நீர்த்துப்போகும். வரம்பைத் தொட்ட பாதாமைப் போட்டிருந்தாலும் இந்த டெஸ்ட்டில் தெரிந்திருக்காது. முழுப் பருப்புக்கு வைத்திருந்த முறையை அப்படியே பானத்துக்கும் போட்டிருக்கிறார்கள்.

நல்லவேளை, உள்ளே இருந்த ஒரு பகுப்பாய்வாளர் பொறுமையாகக் கேட்டார். நச்சை மட்டும் பிடித்துவைக்கும் எதிர்பொருள் உள்ள குழாயில் (immunoaffinity column) நச்சைச் செறிவாக்கி, மிக நுண்ணிய அளவையும் காட்டும் எல்சி-எம்எஸ்எம்எஸ் கருவியில் ஓட்டி, கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் வரை இறக்கிக் கொடுத்தார். பானத்திலேயே தெரிந்த அளவு நச்சைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் காட்டினார். இந்த மீட்பு விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பும் புரதமும் அளவீட்டைக் குழப்பும். லேபின் திறனுக்கான ஐஎஸ்ஓ 17025 சான்றிதழ் சுவரில் தொங்கினால் போதாது, உங்கள் பானமும் அந்த நச்சும் அந்தச் சான்றிதழில் அடங்கிய பரிசோதனைகளுக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

காய்ச்சினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த நச்சுகள் பெரும்பாலும் கொதிக்கும் சூட்டைத் தாங்கும். மூலப்பொருளையும் சோதியுங்கள். பூஞ்சை சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும் என்பதால், மூட்டையில் பல இடங்களில் அள்ளி, சேர்த்து அரைத்துக் கொடுக்க வேண்டும். நான் இப்போது நச்சுகளின் பெயரையும் தேவையான அளவீட்டு எல்லையையும் படிவத்தில் எழுதி, லேபின் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பாட்டிலையே கொடுக்கிறேன்.