மணிக்கூடு இல்லாத கார்
நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் மச்சானோடு ஒரு வெட்டித் தர்க்கம். எங்களிடம் இருப்பது ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். தர்க்கமோ போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 என்ற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரில் எந்த வகை நல்லது என்பது பற்றி!

1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த வண்டி. வீதியில் ஓட்டுவதற்கு வந்த இரண்டு வகையிலும் அதே 210 குதிரைவலு எஞ்சின்தான். சொகுசான 'டூரிங்' 1,075 கிலோ, மெலிந்த 'ஸ்போர்ட்' 960 கிலோ. அந்த 115 கிலோவை எப்படிக் குறைத்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். பின் இருக்கை இல்லை, தரைவிரிப்பு இல்லை, கை ஊன்ற இடமில்லை, கதவுக்கு ஒரு தோல் பட்டி. கோட் மாட்டும் கொளுக்கியைக்கூட விடவில்லை. மணிக்கூட்டையும் கழற்றிவிட்டார்கள்!

மச்சான் ஸ்போர்ட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். "மணிக்கூடு ஃபோனில கிடக்குதானேடா, மறுகா என்ன?"

சரி, ஆனால் சித்திரை வெயிலில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கல்முனை வீதியில் ஊர்ந்து போகும்போது அந்த 115 கிலோ குறைந்து என்ன பயன்? முதுகுதான் கணக்குச் சொல்லும். நான் டூரிங் கட்சி. செய்த 1,580 வண்டிகளில் ஸ்போர்ட் வெறும் 200தான். காசு கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலானோர் என் பக்கம் என்று அடித்துச் சொன்னேன். ஆள் வாயடைத்துப் போனான்.

இன்றைக்கு ஏலத்தில் அந்த ஸ்போர்ட்டுக்குத்தான் விலை கூட. அதை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன்.