சபுருக்கு முன் சேர்க்கவேண்டிய காகிதங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் பையன் டிப்ளமோ முடித்தவுடன் வீட்டில் கேட்பது “எப்போ சபுர்?” என்றுதான். சபுர் என்றால் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பயணம். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஆள் பிடிப்பார்கள். அவன் படித்த மூன்று வருடத்தை அந்த நாடு என்னவென்று கணக்கில் எடுக்கும் என்று விசாரிப்பவர் குறைவு. டெக்னீசியனாக நிற்கவேண்டியவன் ஹெல்பர் விசாவில் பல வருடம் ஓட்டுவதற்கு இதுதான் பெரிய காரணம். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

முதலில் ஒரு குழப்பம் தீரவேண்டும். “இந்தியப் படிப்புக்கு 2014-லேயே உலக அங்கீகாரம் வந்துவிட்டது” என்பார்கள். அந்த வருடம் இந்தியா முழு உறுப்பினரானது, பொறியியல் படிப்பை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில். அது நான்கு வருட பி.இ., பி.டெக். படிப்புக்கானது, அதிலும் என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியம் அந்தத் தரத்தில் சான்றளித்த பாடப்பிரிவுகளுக்கு மட்டும். டெக்னீசியன் படிப்புக்கு உரியது 2002-இல் தொடங்கிய டப்ளின் உடன்படிக்கை. 2014-இல் கிடைத்தது டிப்ளமோவுக்கு நீளாது. இந்த உடன்படிக்கைகள் கல்லூரியை அல்ல, சான்றளிக்கப்பட்ட பாடப்பிரிவைத்தான் பார்க்கும். ஒரு நாடு சேர்வதற்கு முன் முடித்தவர்களுக்குத் தானாகப் பொருந்துவதும் இல்லை. ஆகவே நம் பையன்களின் டிப்ளமோவை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் எடை போடுவார்கள். காகிதம் பலமாக இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

அந்தக் காகிதத்தை நம் ஊரில் முதலில் கெடுப்பது லேமினேஷன். உப்புக் காற்றில் தாள் நமுத்துப் பழுப்பேறும் என்று பயந்து, சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பிளாஸ்டிக் போட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் உண்மைதான் என்று அரசு போடும் அட்டெஸ்டேஷன் முத்திரையும் ஸ்டிக்கரும் அசல் சான்றிதழின் பின்பக்கத்தில் விழவேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் விழாது. பிரிக்கப் போனால் மையும் சேர்ந்து உரியும். பிறகு மறுசான்றிதழுக்கு அலையவேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரும்புப் பெட்டியில் வைக்காமல் உலர்ந்த அலமாரியில் வைத்தால் போதும்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல், டிப்ளமோவில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் முழுதாக. முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். சரிபார்க்கிறவருக்கு அது மூன்று ஆள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே பத்தாம் வகுப்பு எழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு இடறல். அவர்கள் மார்க் ஷீட் மூன்றாம் செமஸ்டரில்தான் தொடங்கும். முதல் வருடம் எங்கே என்று கேட்பார்கள். ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ மதிப்பெண்ணும், லேட்டரல் என்ட்ரி என்று பாலிடெக்னிக் தரும் கடிதமும் கூடவே போகவேண்டும். படித்த பாடத்திட்டம் எம் ஸ்கீமா, என் ஸ்கீமா என்று பார்த்து அந்த சிலபஸையே சேர்க்கவேண்டும்.

முத்திரைக்கு வரிசை உண்டு: மாநில அரசு, பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம். ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகியவற்றுக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது தூதரகம் போகாமலே செல்லும் சான்று, போதும். துபாய், கத்தார், குவைத்துக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். சவூதியில் டெக்னீசியன் என்ற பெயரில் வேலை செய்ய, அங்குள்ள பொறியாளர் கவுன்சிலில் பதிவதும் தனி வேலை.

ஆஸ்திரேலியா போகிறவர்களிடம், அங்கே தகுதியை எடை போடும் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு கேட்பது எழுத்து. செய்த வேலையைப் பற்றி மூன்று கட்டுரை, ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொல். இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பெரிய டிசைன் செய்ததாக எஞ்சினியர் பாணியில் எழுதுகிறார்கள். அல்லது காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். நகல் பிடிபட்டால் விண்ணப்பம் போனது போனதுதான். டெக்னீசியனிடம் எதிர்பார்ப்பது எல்லை தெளிவான சிக்கலை, உரிய தரவிதிப்படி, தன் கையால் தீர்த்ததை. மண்டபத்து ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கம்ப்ரசர் பார்த்தவன் கையில் அது நிறைய இருக்கிறது. கண்டென்சர் குழாயில் உப்பு படிந்து ஹெட் பிரஷர் (கம்ப்ரசர் வெளித்தள்ளும் பக்கத்து அழுத்தம்) 12 பாரிலிருந்து 15-க்கு ஏறுகிறது, மோட்டார் ஆம்பியர் கூடுகிறது, ஐஸ் கட்ட நேரம் எடுக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தான், காற்று சேர்ந்ததா உப்பா என்று எப்படிப் பிரித்தான், சுத்தம் செய்தபின் அளவு என்ன ஆயிற்று? இதை “நாங்கள்” என்று எழுதாமல் “நான்” என்று எழுதினால் அதுவே நல்ல கட்டுரை.

அதற்கு அன்றாட வேலையைக் குறிக்கும் லாக் புக் வேண்டும், முதலாளி தரும் அனுபவக் கடிதமும் வேண்டும். கடிதத்தில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலைகள், கையெழுத்திட்டவர் பெயரும் பதவியும் லெட்டர்ஹெட்டில் இருக்கவேண்டும். ஐஸ் கம்பெனியிலும் போட் யார்டிலும் கூலி கையில்தான் தருவார்கள். ஊர் விட்டுப் போனபின் ரசீது தேட முடியாது. ஆறு மாதத்துக்கு முன்பே சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், பி.எஃப். எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், லாக் புக் பக்கங்களை நகலெடுத்து முதலாளியின் கையெழுத்தை அந்த நகலிலேயே வாங்குங்கள். ஐஸ் கம்பெனி கைமாறிவிட்டால் புது முதலாளி பழைய பக்கத்தில் கையெழுத்துப் போடமாட்டார்.