மூக்குக்கண்ணாடியும் செக்கச்சிவந்த கரைசலும்

நேற்று அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் காம்பு ஒடிந்துவிட்டது. தெருமுனைக் கடையில் ஃபெவிக்விக் வாங்கிவந்து ஒட்டினேன். காம்போடு என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. "இதுக்குத்தான் கெமிஸ்ட்ரி படிச்சியா?" என்றாள் அம்மா.

நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. காசிமேட்டுப் பக்கத்துக் காற்றில் உப்பு ஜாடி எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். இந்தப் பசைக்கு அந்த ஈரமே போதும். பசை என்பது சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருள். சயனோஅக்ரிலேட்டின் சயனோ, எஸ்டர் தொகுதிகள் எலெக்ட்ரானைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால், தண்ணீர் மாதிரி சாதுவே தாக்கி வினையைத் தொடங்கிவிடும். பிறக்கும் எதிர்மின் முனை அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும், அது அடுத்ததை; இப்படியே நீண்ட சங்கிலியாகிவிடும். சில நொடிகளில் விரல் மாட்டிக்கொள்ளும்.

எம்.ஃபில். படித்தபோது இதே ஈரம்தான் என்னை அழவைத்தது. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில், வினையைத் தொடங்கிவைக்கும் சோடியம் நாப்தலீன் அடர்பச்சையாக இருக்கும். சங்கிலியாகக் கோக்கவேண்டிய ஸ்டைரீனை விட்டதும் செக்கச்சிவந்துவிடும். சங்கிலி முனைகள் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். எல்லா முனைகளுக்கும் ஒரே மின்சுமை என்பதால் ஒன்றோடொன்று சேர்ந்து முடிந்துபோவதில்லை. ஸ்டைரீன் தீர்ந்த பிறகு மறுபடி ஊற்றினாலும் சங்கிலி நீளும் என்று 1956-ல் மைக்கேல் ஸ்வார்க் என்ற வேதியியலாளர் காட்டினார். எனக்கோ ரப்பர் மூடியின் ஊசித் துளை வழியாகக் காற்று புகுந்து, கண்ணெதிரே சிவப்பு வெளிறிப் போனது. ஸ்டைரீன் முனை மகா முன்கோபி. தண்ணீரைக் கண்டால் ஒரு புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடும்.

அப்புறம் ஸ்டைரீனை விட்டு, அதேபோல் சங்கிலியாகும் மெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கு மாறினேன். அங்கே பிரச்சினை வேறு: சங்கிலியிலிருந்து கிளைக்கும் தொகுதி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது. தோரணக் கயிற்றில் எல்லா மாவிலையும் ஒரே பக்கம் தொங்கினால் ஐசோடாக்டிக், ஒன்றுவிட்டு ஒன்று மாறினால் சிண்டியோடாக்டிக், கண்டபடி இருந்தால் அடாக்டிக். டொலுயீன் என்ற கரைப்பானில், வினையைத் தொடங்க பியூட்டைல் லித்தியம் போட்டால், லித்தியம் முனையையும் புதிதாக வரும் மூலக்கூறையும் இறுக்கிப் பிடித்து ஒரே பக்கம் நிறுத்தும். டெட்ராஹைட்ரோஃபியூரான் லித்தியத்தைச் சூழ்ந்துகொண்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மைனஸ் 78 டிகிரியில் பெரும்பாலும் மாறி மாறி நிற்கும். வேதி வாய்பாடு ஒன்றுதான். ஆனால் ஐசோடாக்டிக் 50 டிகிரி வாக்கில் இளகும், சிண்டியோடாக்டிக் 130 வாக்கில். இந்த வித்தியாசம் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அசிட்டோன் தடவி விரலை விடுவித்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி நீட்டினாள். காம்பைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன்.