பதக்க விளிம்பில் இருந்த எண்

இரண்டாம் உலகப் போரின்போது எங்கள் தாத்தா பர்மாவில் இருந்தார் என்பதே ராயபுரம் வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. எந்தப் படை, எந்த ஆண்டு என்று கேட்டால், "ஜப்பான்காரன் வரான்னு ஊரே காலி பண்ணிட்டு ஓடுச்சே, அப்ப சேந்தாரு" என்பதற்கு மேல் பெரிய அத்தைக்குத் தெரியாது. மதராஸ் அப்படிக் காலியானது 1942 ஏப்ரலில் என்பதால், காலத்தைப் பொறுத்தவரை அந்த வாக்கியமே எனக்கு முதல் ஆவணமாயிற்று.

வீட்டிலிருந்து தொடங்காமல் அலுவலகங்களிலிருந்து தொடங்கியது என் தவறு. ஓரிடத்தில் மூன்றாவது முறை போய் நின்றபோதுதான், படை எண் இல்லாமல் எதையும் தேட இயலாது என்றார்கள். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அந்த எண்ணோ எங்கள் தகரப் பெட்டியில், பாட்டியின் கூறைப் புடவைக்கு அடியில் கிடந்தது. ஒரு பக்கம் முடிசூடிய மன்னர் தலையும், மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கமுமாக இருந்த போர்ப் பதக்கம் அது. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் தந்த இந்தப் பதக்கத்தை இந்திய வீரர்களுக்குப் பெயர் பொறித்தே தந்திருக்கிறார்கள். விளிம்பில் முகப் பவுடரைத் தேய்த்து, மெல்ல ஊதிவிட்டு, கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கியபோது, எண்ணும், 'சாப்பர்' (பொறியியல் படையின் சிப்பாய்) என்ற பதவியும், தாத்தாவின் பெயரும், 'எஸ் அண்ட் எம்' (சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) என்ற படைப்பிரிவுச் சுருக்கமும் தெளிந்தன. பக்கத்தில் இருந்த ஆறுமுனை நட்சத்திரப் பதக்கத்தில் எழுதியிருந்தது பர்மா அல்ல, இத்தாலி.

எண்ணையும் உறவுச் சான்றுகளையும் இணைத்து, மதராஸ் சாப்பர்களின் இன்றைய வடிவமான, பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ஆவணப் பிரிவுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து வந்த ஒற்றைப் பக்கத்தில், 1942 மே மாதம் சேர்ந்தவர், 1946இல் விடுவிக்கப்பட்டவர், முன்தொழில் கொத்து வேலை என்று இருந்தது. பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் போன படையில் கொத்தனாரைச் சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை.

அப்படியானால் பர்மா யாருடையது? பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் தாத்தாவின் பெயரைத் தேடியிருந்தேன். இறந்தவர்கள் மட்டுமே உள்ள பட்டியலில், உயிரோடு திரும்பியவரைத் தேடியது அறியாமைதான். ஆனால் நம் 'சாமி'யை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் 'ஸ்வாமி', 'சாமி', 'சாவ்மி' என்று தோன்றியபடியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்பதால், ஒவ்வோர் எழுத்துக்கூட்டலாக மாற்றிப் பார்த்ததில், கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தகப்பன் பெயராகக் கொண்ட ஒருவர் அகப்பட்டார். வீட்டை விட்டு ஓடிப்போனவர் என்று இதுவரை நாங்கள் பேசிவந்த சின்னத் தாத்தா, ரங்கூனுக்கு அருகே தவுக்கியானில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவகத்தில் இருந்தார். இருவர் கதையையும் ஒருவர் மேல் ஏற்றிவைத்திருந்தோம்.

அத்தையிடம் சின்னத் தாத்தாவின் பெயர் இருந்த இணையப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். படை, பதவி எதையும் அவர் கேட்கவில்லை. இறந்த தேதியைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, அன்றைய திதியைக் கணித்துவர ஐயரிடம் ஆளனுப்பினார்.