சிம் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது

துணி ஊறப்போட்டிருந்த பக்கெட்டுக்குள் சட்டைப் பையிலிருந்து போன் நழுவி விழுந்தது. ஐந்து நொடிகூட இருக்காது, கையை விட்டு எடுத்துவிட்டேன். பெரிதாகப் பதறவும் இல்லை. தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான ஐபி68 தரக்குறி போட்ட போன்தானே! துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பேசிய நண்பர், "என்னப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுறியா?" என்று கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

தண்ணீர் பட்டதைக் காட்டிக்கொடுக்க போனுக்குள் சின்ன ஒட்டுத்தாள்கள் வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எல்சிஐ என்பார்கள். இயல்பில் வெள்ளை, ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும். பல போன்களில் அதில் ஒன்று சிம் ட்ரே நுழையும் துளைக்குள்ளேயே தெரியும். போனை அணைத்து, ட்ரேயை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் பார்வையில் ஒன்றும் புலப்படவில்லை. போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபோது ஓரத்தில் தெரிந்தது. பளிச்சென்ற வெள்ளை. அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதியில்தான் தப்பு செய்தேன். போனை இயக்கி சார்ஜில் போட்டேன். சார்ஜ் துளையில் ஈரம் இருக்கிறது, வயரைக் கழற்று என்று திரையில் எச்சரிக்கை வந்தது. கழற்றி, வாயால் ஊதிவிட்டு, மறுபடியும் சொருகினேன். ஈரமான இணைப்பில் மின்சாரம் ஓடினால் உலோகம் அரிக்கும் வேகம் பல மடங்கு கூடும் என்பதைப் பள்ளியில் மின்னாற்பகுப்பு என்று படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். கை கேட்கவில்லை. (அரிசிக்குள் மட்டும் போடவில்லை. அதன் துகள்கள் உள்ளே போய்ப் பழுதாக்கலாம் என்று 2024-இல் ஆப்பிள் நிறுவனமே சொன்னது நினைவிருந்தது.)

மாலையில் ஒரு படம் எடுத்தபோது எல்லாம் பனி மூடியது போல வந்தது. கேமரா கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. மூட்டம் கண்ணாடிக்கு உட்புறம் இருந்தது. சிம் பக்கம் என்ன நிறத்தில் இருந்தால் என்ன, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எந்த வழியாக?

அப்போதுதான் போனின் கவரைக் கழற்றினேன், பல மாதங்களுக்குப் பிறகு. கேமரா மேடு இடிக்காமல் இருக்கத் திரை கீழே இருக்கும்படி கண்ணாடி மேசையில் வைத்து ஒவ்வொரு மூலையாக அழுத்தினேன். ஒரு மூலையை அழுத்தும்போது மட்டும் டக் டக்கென்று ஆடியது. எடுத்துப் பார்த்தால் அதே மூலையில் சட்டம் நசுங்கியிருந்தது. எப்போதோ மாடிப்படியில் விழுந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று திரை உடையவில்லை என்றதும் அப்படியே விட்டுவிட்டேன், கவரைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவே இல்லை. இப்போது அந்த இடத்தில் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை வைத்தேன். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனது. பேட்டரி உப்பினாலும் திரை இப்படித் தூக்கும் என்பார்கள். ஆனால் இங்கே நசுங்கிய மூலையில் மட்டும்தான் இடைவெளி.

ஐபி68 சோதனை புதிய போனை வைத்து, வெறும் நல்ல தண்ணீரில் நடப்பது. என்னுடையது அடிபட்ட போன், விழுந்தது சோப்புத் தண்ணீரில். சோப்பு கலந்த நீருக்குப் பரப்பு இழுவிசை குறைவு என்பதால் மெல்லிய இடுக்கிலும் எளிதாக நுழைந்துவிடும்.

படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் சேமித்துவிட்டு, அணைத்து, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன். "தண்ணி பட்டுச்சா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நொடி பொய் சொல்லலாமா என்று தோன்றியது உண்மை. சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. திறந்ததும் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிய அந்தப் பையன், சார்ஜிங் போர்டு பக்கத்தில் ஒட்டியிருந்த இன்னொரு எல்சிஐயைக் காட்டினான். செக்கச்செவேல் என்று இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னான். செப்புப் பாத்திரத்தில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு, சார்ஜ் முனையின் கால்களைச் சுற்றி.

"சிம் பக்கம் வெள்ளையா இருந்துச்சேப்பா" என்றேன்.

"அந்தப் பக்கம் தண்ணி வரலைன்னுதான் சார் அதுக்கு அர்த்தம்."

தண்ணீர் சேதம் என்பதால் வாரண்டி கிடையாது என்றார்கள். வாதாட என்னிடம் எதுவும் இல்லை. மதர்போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மைக்கும் சேர்ந்தே வரும் சார்ஜிங் போர்டை மாற்றி, புது ஒட்டுப்பசையுடன் மூடிக் கொடுத்தார்கள். சட்டம் நசுங்கியே இருப்பதால் இனி இதைத் தண்ணீர் புகாத போனாக நினைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள்.

குரல் இப்போது தெளிவாகக் கேட்கிறது. கேமராவில் மூட்டம் போய்விட்டது. காய்ந்த நீரின் தடம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது, வானத்தைப் படம் எடுத்தால் இடது மேல் மூலையில் சின்னப் புள்ளியாகத் தெரியும்.