பதிவேட்டில் கூடுதலாக ஒரு கட்டம்

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஐந்தாண்டுகள் மனுப் பதிவேடு எழுதினேன். காலை ஏழு மணிக்கே வாசல் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, பஸ் நிற்காத நிறுத்தம், கல்லூரியில் இடம், பங்காளிச் சண்டை. இவற்றில் பாதிக்குச் சட்டமன்றத்தோடு ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சொல்வதை முழுவதும் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது ஐயாவின் கட்டளை.

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன: வரிசை எண், தேதி, பெயரும் ஊரும், கோரிக்கை, அனுப்பிய துறை. நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஐயா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு கட்டம் போடு தம்பி. மறுபடி வந்தாரா என்று அதில் எழுது" என்றார். "துறைக்கு அனுப்பிவிட்டோம் என்பது நம் கணக்கு. அவர் திரும்பி வந்தால், அவர் கணக்கு இன்னும் தீரவில்லை."

அன்று இரவு ஸ்கேலை வைத்து நூறு பக்கங்களுக்குக் கோடு இழுத்தேன். அந்த ஆறாவது கட்டம்தான் பிறகு அவருடைய வேலைகளின் முன்பின் வரிசையை முடிவுசெய்தது. மாதக் கடைசியில் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். மூன்று முறைக்கு மேல் வந்தவர்களின் ஊருக்கு நேரில் போய்விடுவார்.

எங்கள் பக்கத்தில் மக்கள் பிரதிநிதியாக இருப்பதில் தனியாக ஒரு சிரமம் உண்டு. மற்ற ஊர்களில் அரசு செய்தவற்றில் பலவற்றை இங்கே தனி மனிதர்கள் தங்கள் பணத்தில் செய்துவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், ஊரணி, சத்திரம், மருத்துவமனை என எதைத் தொட்டாலும் ஒரு நகரத்தார் குடும்பத்தின் பெயர் வரும். காரைக்குடியில் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரரிடம் போய், "நான் ஒரு நிழற்குடை கட்டிக் கொடுத்தேன்" என்று எப்படிப் பெருமை பேசுவது?

அந்தக் கொடையாளர்கள் கட்டியதை இன்று யார் பராமரிப்பது? இங்கே இதைவிடப் பெரிய கேள்வி இல்லை என்பது என் எண்ணம். கட்டிய குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். ஊராட்சியிடம் பணம் இருக்காது. தொகுதி மேம்பாட்டு நிதி இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நான் இருந்த காலத்தில் அதைவிடக் குறைவு. அந்தப் பணம் உறுப்பினர் கைக்கு வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு எல்லாம் மாவட்ட ஆட்சியர் வழியாக நடக்கும். ரேஷன் கடை, நாடக மேடை, வகுப்பறை, சிமெண்ட் சாலை என்று புதிதாகக் கட்டினால் திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல் உண்டு. தூர் வாரியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

ஓர் ஆச்சி நான்கு முறை வந்தார். மனுவைப் பழைய பேரேட்டுத் தாளின் பின்பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவருவார். "எங்கள் தெரு ஊரணிக்குத் தண்ணீர் வரவில்லை." நான்கு மனுவிலும் இந்த ஒரே வரிதான். முதல் மூன்று முறையும் நான் ஒரு துறைக்கு அனுப்பிவைத்தேன். ஒரே பதில் வந்தது: மழை குறைவு.

நான்காவது முறை வந்தபோது ஐயா வெளியே வந்து ஆச்சிக்கு எதிரே உட்கார்ந்தார். "மழை குறைவு என்கிறார்களே ஆச்சி?" என்று கேட்டார். "மழை என் வீட்டு வளவுக்குள் முழங்கால் அளவு நிற்கிறது. ஊரணிக்குத்தான் போகவில்லை" என்றார் ஆச்சி.

அந்தக் கார்த்திகையில் ஒரு மழை நாளில் குடையோடு அங்கே போனோம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கும். அங்கிருந்து கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வரும். தெரு வாட்டத்தோடு ஓடி, வரத்துக்கால் என்ற வாய்க்காலைப் பிடித்து ஊரணிக்குப் போகும். பள்ளம் மேடு பார்த்து அந்தக் காலத்திலேயே தெருவை அமைத்திருக்கிறார்கள். அன்று அந்தத் தண்ணீர் ஊரணிக்கு நாற்பது அடி முன்பாக வந்து, திகைத்து நின்று, வந்த வழியே வீடுகளை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. தடுத்தது ஒரு சிமெண்ட் சாலை. பழைய தெருவைவிட ஏறத்தாழ முக்கால் அடி உயரம். அதன் ஓரத்தில் இருந்த கல்லில் ஐயாவின் பெயர்.

எங்கள் நிதியில் போட்ட சாலை அது. நான்தான் பரிந்துரைக் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். பணி முடிந்தவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்தபோது மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. ஐயா நெடுநேரம் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று காலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இதைச் சரிசெய்யாமல் இந்த ஊரில் வேறு எதையும் திறக்க வர மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகும் நான்கு மாதங்கள் ஆயின. ஊரணி யார் பெயரில் இருக்கிறது, வரத்துக்கால் எந்தச் சர்வே எண்ணில் ஓடுகிறது என்பதற்கே இரண்டு மாதம் அலைந்தேன். தனியார் நிலமாக இருந்தால் நிதியைச் செலவிட முடியாது. நல்ல வேளையாக வரத்துக்கால் புறம்போக்காக இருந்தது. சாலையைக் குறுக்கே வெட்டி, இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்து, மேலே மூடினார்கள். வேலை மூன்றே நாள்தான். அடுத்த ஐப்பசியில் ஊரணிப் படிக்கட்டில் ஐந்து படிகள் தண்ணீருக்குள் இருந்தன. நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய் எண்ணிப் பார்த்தேன்.

பேரவையில் பேசுவதற்கும் ஐயா அந்தப் பதிவேட்டிலிருந்தே எடுத்துக்கொள்வார். மானியக் கோரிக்கை விவாதத்தில் கிடைக்கும் சில நிமிடங்களில் அரசியல் பேசுவது எளிது. அவர் ஊரணிப் பெயர்களை வாசிப்பார். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அந்தப் பதிலையும் வெட்டிப் பதிவேட்டில் ஒட்டிவைக்கச் சொல்வார். மறு ஆண்டு அதையே எடுத்துக் காட்டிக் கேட்பதற்காக.

பதவிக் காலம் முடியும் தறுவாயில் சாதனை மலர் போட வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வற்புறுத்தினார்கள். படங்களோடு பளபளவென்று அச்சாகி வந்தது. அந்தச் சிமெண்ட் சாலை அதில் இருந்தது, குழாய் இல்லை. அதற்குப் படமே எடுக்கவில்லை. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1962இல் காரைக்குடியின் சட்டமன்ற உறுப்பினரானவர். இன்று அவரை ஊர் நினைப்பது 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்துக்காகவும் தமிழ்த்தாய் கோயிலுக்காகவும்தான். ஓர் உறுப்பினர் செய்ததில் எது நிலைக்கும் என்பதைச் சாதனை மலர் முடிவுசெய்வதில்லை.

2022இல் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளை அனுப்புமாறு முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார் என்ற செய்தியைப் படித்தேன். அப்போது நான் அந்த வேலையில் இல்லை. எங்கள் தொகுதிக்கு எந்தப் பத்து என்று என்னைக் கேட்டிருந்தால், ஆறாவது கட்டத்தை வைத்தே எழுதிக் கொடுத்திருப்பேன். அதில் பாதி பழையதைப் பழுதுபார்க்கும் வேலையாகவே இருந்திருக்கும்.

அடுத்த தேர்தலில் ஐயாவுக்கு வாய்ப்பு அமையவில்லை. அலுவலகத்தைக் காலிசெய்தபோது, தீராத மனுக்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டச் சொன்னார். புதிய உறுப்பினர் வேறு கட்சி. அவருடைய அலுவலகத்துக்கு ஐயாவே கட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். நானும் உடன் போனேன். மேல் கட்டின் மீது, தன் கைப்பட எழுதிய ஒரு துண்டுத் தாளை வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கியிருந்தார்: "ஊரணிச் சாலையின் அடியில் இரண்டு குழாய்கள் உள்ளன. ஆண்டுதோறும் ஐப்பசி பிறப்பதற்குள் மண் எடுத்துவிடச் சொல்லவும்."