சாரணர் படைக்கு வரும் பெரியவருக்கு: நெல்லைக் குறிப்புகள்

ஜூன் 14, 2025, சனி. பாளையங்கோட்டை

சாரணர் இயக்கத்துக்குப் புதிதாக வரும் பெரியவர்கள் முதலில் கேட்பது கயிற்று முடிச்சுதான். அது பிள்ளைகளே ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும் சங்கதி. எந்த வயதுப் பிள்ளைகளோடு நிற்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யணும். தொடக்கப்பள்ளி வயதுக்குக் குருளையர், அதற்கு மேலே சாரணர், கல்லூரி வயதுக்குத் திரிசாரணர். குருளையரிடம் கதையும் விளையாட்டும் இல்லாமல் பத்து நிமிஷம் தாண்டாது. திரிசாரணரிடம் கதை சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

நம் பக்கத்துப் படைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவை. ஆசிரியர் அல்லாதவர் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசி, மாவட்டச் சங்கத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழைக் கேட்கும் முன்பே வாங்கி வைத்துவிடுவது நல்லது. பிறகு ‘பேசிக் கோர்ஸ்’ என்ற அடிப்படைப் பயிற்சி, ஏழு நாள், அங்கேயே தங்க வேண்டும். அட்வான்ஸ்டு கோர்ஸ் அதற்கு மேல். ஹிமாலயா உட்பேட்ஜ் என்ற தலைவர் தகுதிச் சின்னம் வரை போனால் கழுத்தில் இரண்டு மரமணி. மணி வாங்கியவர் எல்லாம் நல்ல தலைவர் என்று சொல்வதற்கில்லை.

ஜூலை 5, சனி

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. பெரியவர் இருவர், இல்லையென்றால் ஆள் பார்க்கும் இடம். சாரணியர் முகாமென்றால் பெண் தலைவர் கட்டாயம். பெரியவர் டென்ட் தனி.

இந்த விதி உடைவது முகாமில் அல்ல, சனிக்கிழமை படைக் கூட்டம் முடிந்த சாயங்காலம். பஸ் வராது, கடைசிப் பையன் நிற்பான், "வாலே, நான் கொண்டு விடுதேன்" என்று பைக்கை எடுப்போம். மனசு நல்லதுதான், ஆனால் விதி உடைந்துவிட்டது. இன்னொரு பெரியவரையும் நிறுத்திக்கொண்டு அப்பா அம்மா வரும்வரை காத்திருக்க வேண்டும்.

யாரோ தப்பாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொன்னால் நாம் விசாரணை நடத்தக் கூடாது. கேட்டதைக் கேட்டபடி எழுதி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் மறைத்தால் மறைத்தவர் மேல் வழக்கு வரும்.

ஜூலை 26, சனி

32 பேர் படையில் எட்டெட்டாக நாலு அணி. 32 பேருக்கும் நாமே பாடம் எடுத்தால் அது வகுப்பறை ஆகிவிடும். வியாழக்கிழமை அணித்தலைவர்கள் நாலு பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் சனிக்கிழமை அவர்கள் தங்கள் அணிக்குச் சொல்வார்கள். தப்பாகத்தான் சொல்வார்கள். அப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரியவருக்குக் கஷ்டமான பயிற்சி.

கொடி மட்டும் விலக்கு, முன்னாலேயே ஒருதரம் ஏற்றிப் பார்த்துவிடணும். கயிறு கம்பத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். சுருட்டிய கொடியை இரண்டு சுற்று சுற்றி, கயிற்றின் மடிப்பைச் செருக வேண்டும். நுனியைச் செருகினால் மேலே போய் இழுக்கும்போது அவிழாது, இறுகும். விருந்தினர் முன்னால் கொடி பொட்டலமாகவே நிற்கும்.

ஆகஸ்ட் 16, சனி. இடம் பார்த்தல்

மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் என்றால் முதலில் வனத்துறை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. புதியவர்கள் காப்பக எல்லைக்கு வெளியே, ஆஸ்பத்திரி பக்கத்தில் உள்ள பள்ளி மைதானம் பார்ப்பதே புத்தி.

ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வீசத் தொடங்கும் மேகாற்று இன்னும் ஓயவில்லை. டென்ட் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும், அடுப்பு டென்ட்டுகளுக்கும் கிழக்கே. மாற்றி வைத்தால் பொறி டென்ட் துணியில் விழும். முளைக்குச்சியின் தலை டென்ட்டை விட்டு வெளியே சாய்ந்திருக்கணும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் எந்த முளையும் நிற்காது. சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்தால் நிற்கும். கரிசலில் வெயிலுக்கு வெடிப்பு, மழைக்குச் சகதி. வேண்டவே வேண்டாம்.

ஆறு. தாமிரபரணியில் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும், ஊத்து, நாலுமுக்குப் பக்கம் மலையில் பெய்திருக்கும், இல்லை அணையில் திறந்திருப்பார்கள். கரையில் ஒரு குச்சி நட்டுத் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டு வைத்தால் ஏறுவது தெரியும். தண்ணீர் கலங்கினாலும் சருகு மிதந்து வந்தாலும் எல்லாரும் மேலே. குளிக்கிறவர்கள் சோடி சோடியாக. பத்து நிமிஷத்துக்கு ஒரு விசில், சோடி கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். கரையில் 15 மீட்டர் கயிறு, நுனியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடிய கேன். முங்குகிறவனைப் பிடிக்கக் குதிப்பது கடைசி வழி. முதலில் கம்பை நீட்டு, அடுத்தது கயிற்றை எறி.

ஆகஸ்ட் 30, சனி. முகாம்

கூட்டாஞ்சோறு, 40 பேருக்கு: அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, காய் 5 கிலோ, முருங்கைக்கீரை ஒரு பெரிய கட்டு. பருப்பு வேகுமுன் புளி ஊற்றினால் அப்புறம் எத்தனை விறகு வைத்தாலும் வேகாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தில் களிமண்ணைக் குழைத்துப் பூசி அடுப்பில் வைத்தால் கரி மண்ணோடு போய்விடும், தேய்க்கிற அணி வாழ்த்தும்.

வயிற்றுப்போக்கு கண்டவனுக்கு ஒரு லிட்டர் ஆறவைத்த கொதிநீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண் அளவு வேண்டாம், ஸ்பூன் வைத்திருக்கணும்.

ராத்திரி தரையில் படுக்கிறவர்களுக்குப் பயம் கட்டுவிரியன். கடித்தது வலிக்காது, வீங்காது. விடியும்போது பையன் கண் இமை தொங்கினாலோ பேச்சுக் குழறினாலோ தூக்கக் கலக்கம் என்று விடாதீர்கள். கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடித்த கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கி, 108. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முந்தின நாளே வண்டியில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

ஈரத்தோடு மடித்த டென்ட் இரண்டே நாளில் நாறிக் கரும்புள்ளி விழும். இன்று எல்லாவற்றையும் விரித்துக் காயப் போட்டு, முளை, கயிறு, கொட்டாப்புளி எண்ணி நோட்டில் ஏற்ற வேண்டும். முளை எப்போதும் குறையும். வாங்கும்போதே பத்துக்கு இரண்டு கூடுதலாக வாங்குங்கள்.